லாவோ புத்தாண்டு விழாவில் கத்தோ ஆடிக் காட்ட: முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

வெளிநாட்டு லாவோ கோயில்களில் புத்தாண்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கமிட்டி கூடிவிடும். சாப்பாடு, ஊர்வலம், பாட்டுக் கச்சேரி எல்லாம் பேசி முடித்த பிறகு, "பிள்ளைகளுக்கு நம்ம ஊர் விளையாட்டு ஏதாவது ஆடிக் காட்டலாமே" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பொறுப்பு ஒரு தன்னார்வலர் தலையில் விழும். அது உங்கள் தலையாக இருந்தால், கை படாமல் பந்தை வலைக்கு மேலே தட்டி ஆடும் கத்தோவை ஆடிக் காட்ட இந்தக் கட்டுரை உதவும். நீங்கள் லாவோ குடும்பத்தில் பிறந்தவராக இருக்க வேண்டியதில்லை. நண்பராக, மருமகனாக, அக்கம்பக்கத்தவராக உதவப் போகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். அமெரிக்க விழாக்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பிரான்ஸ், ஆஸ்திரேலியா, கனடாவில் சட்டதிட்டம் மாறும், மற்றவை பெரும்பாலும் இதேதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நடத்தப் போவது போட்டி அல்ல, காட்சி ஆட்டம். 1975-இல் லாவோஸில் ஆட்சி மாறிய பிறகு அகதிகளாக வந்த தாத்தா பாட்டிகளில் பலருக்குக் கத்தோ தெரியும். கோயில் முற்றத்திலும் பள்ளிக்கூடத் திடலிலும் மாலை வேளையில் ஆடியவர்கள் அவர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் கூடைப்பந்து. ஒரு பேரன் பந்தைத் தூக்கிக்கொண்டு தாத்தாவிடம் போய் "இதை எப்படி உதைப்பது?" என்று கேட்டுவிட்டால் உங்கள் வேலை பலித்துவிட்டது. கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவையும் இந்த அளவுகோலை வைத்தே எடுங்கள். நான்கு அணிகளை வரவழைத்து நாள் முழுக்கக் கோப்பைக்கு ஆடினால், ஆடுகிறவர்கள் மட்டும் மகிழ்வார்கள், சுற்றி இருப்பவர்கள் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள்.

எந்த விளையாட்டு?

லாவோஸின் விளையாட்டுகளில் எல்லாமே வெளிநாட்டில் நடத்தக்கூடியவை அல்ல. மழைக்காலத் தவம் முடிந்து அக்டோபர் வாக்கில் மேக்கோங் ஆற்றில் நடக்கும் படகுப் பந்தயம்தான் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அதற்கு ஆறும் வேண்டும், ஐம்பது பேர் உட்காரும் நீளப் படகும் வேண்டும். வியன்டியானில் தாட் லுவாங் விழாவின்போது மூங்கில் வேர்த் தடிகளை வைத்து ஆடும் தி கீ என்ற பழைய ஆட்டம் ஹாக்கியைப் போன்றது. கூட்டத்துக்கு நடுவில் தெரியாதவர்கள் தடி சுழற்றுவது ஆபத்து.

முவே லாவ் குத்துச்சண்டையைச் சிலர் கேட்பார்கள். அடிபடும் சண்டையை நடத்த அமெரிக்காவின் பல மாநிலங்களில் விளையாட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும், மருத்துவர் இருக்க வேண்டும், காப்பீடும் தனி. முதல்முறை பொறுப்பேற்பவர் அதில் கைவைக்க வேண்டாம். ஆசிரியரை வணங்கும் ஆட்டத்தையும் சில அடிமுறைகளையும் மட்டும் மேடையில் காட்டலாம்.

பெட்டாங் எளிது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன இரும்புக் குண்டு ஆட்டம் அது. இன்றைக்கு லாவோஸில் வீட்டு வாசல்களிலும் அலுவலக முற்றங்களிலும் அதற்குக் களம் இருக்கிறது. 4 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளமுள்ள கெட்டியான சரளைத் தரை போதும். சிறு மரக்குண்டை 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் எறிந்துவிட்டு, இரும்புக் குண்டுகளை அதன் அருகே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 13 புள்ளி எடுத்தால் வெற்றி. பெரியவர்களை நாள் முழுக்க மகிழ்ச்சியாக வைத்திருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒரு மூலையில் போட்டுவிட்டால் அதுபாட்டுக்கு நடக்கும்.

ஆனால் நடுநாயகமாக நிற்க வேண்டியது கத்தோ. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் செபாக் தக்ராவ் என்று அறிந்திருக்கும் அதே ஆட்டம்தான். தாய்லாந்தில் தக்ராவ். வலைக்கு இருபுறமும் மூவர் மூவராக நின்று, கை படாமல், காலாலும் முழங்காலாலும் மார்பாலும் தலையாலும் பந்தைத் தட்டி எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று தட்டு. மூன்றையும் ஒருவரே தட்டினாலும் குற்றமில்லை. விதி அவ்வளவுதான் என்பதால் முதல்முறை பார்ப்பவருக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஹ்மொங் மக்களின் பம்பர ஆட்டத்தையோ பந்தெறி ஆட்டத்தையோ சேர்க்க விரும்பினால், அதை ஹ்மொங் ஆட்டம் என்று பெயர் சொல்லி அறிவியுங்கள். ஹ்மொங் குழுவினரே முன்னின்று நடத்தட்டும். லாவோஸிலிருந்து வந்தவர்கள் என்றாலும் அவர்களுக்கு மொழி வேறு, புத்தாண்டு வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது இரு தரப்புக்கும் வருத்தம் தரும்.

கமிட்டியிடம் கேட்க வேண்டியவை

கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பெரியவர்களைப் பார்த்ததும் கைகூப்பி "சபாய்தீ" சொல்லுங்கள். வயதில் மூத்த ஆண்களை "லுங்" என்றும் பெண்களை "பா" என்றும் அழைக்கலாம். அவர்களும் நம்மைப் போல முறை வைத்து அழைக்கிறவர்கள்தான்.

முதல் கேள்வி, களம் எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பது. தேரவாத பௌத்தர்களுக்குக் கால் தாழ்ந்த உறுப்பு. காலால் உதைத்த பந்து புத்தர் சிலை இருக்கும் மண்டபத்தையோ, மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்தும் பாசிச் சடங்குக்காகப் பூவும் நூலும் அடுக்கிய தட்டையோ, பிக்குகள் அமர்ந்த மேடையையோ நோக்கிப் பறக்கக் கூடாது. வலுவான அடிகள் களத்தின் நீளவாக்கில்தான் போகும். ஆகவே நீளவாக்கின் இரு முனையும் வாகன நிறுத்தத்தையோ வெற்றுத் திடலையோ பார்த்திருக்கட்டும். இடம் நெருக்கம் என்றால் ஒரு முனையில் உயரமான வலை கட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி கொடி. இதைக் கேட்காமல் சுவரொட்டி அச்சிடவே செய்யாதீர்கள். இணையத்தில் தேடினால் கிடைப்பது சிவப்பும் நீலமுமாக நடுவில் வெள்ளை வட்டம் கொண்ட இன்றைய அரசின் கொடி. அந்த அரசு வந்தபோது ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பங்களில் பல, சிவப்புப் பின்னணியில் மூன்று தலை வெள்ளை யானை உள்ள பழைய முடியரசுக் கொடியைத்தான் இன்றும் ஏற்றுகின்றன. சட்டையிலோ பதாகையிலோ தவறான கொடி வந்தால் விழா நாளன்று காலையிலேயே பிரச்சினை வெடிக்கும். அது வெறும் அரசியல் பிடிவாதம் அல்ல. முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் வலி அதில் இருக்கிறது. கமிட்டி சொல்வதைச் செய்யுங்கள். கொடியே வேண்டாம் என்றால் தொக் சம்பா எனப்படும் ஈழத்தலரிப் பூவைப் போடுங்கள், அதில் யாருக்கும் மனக்குறை வராது.

நாளும் நேரமும்

லாவோஸில் புத்தாண்டான பி மாய் ஏப்ரல் 14 முதல் 16 வரை. வெளிநாட்டில் வார இறுதியில்தான் நடத்த முடியும். ஒரு ஊர் விழா இன்னொரு ஊர் விழாவோடு மோதாமல் இருக்க ஏப்ரல், மே என்று தள்ளித் தள்ளி வைப்பார்கள். லூசியானாவில் நியூ ஐபீரியா அருகே உள்ள லான்சாங் கிராமத்தில் ஈஸ்டர் வார இறுதியில் நடக்கும். உங்கள் ஊர் நாளை மட்டும் பார்க்காமல் அக்கம்பக்கத்து ஊர்களின் நாளையும் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் எங்கே போவார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

மினசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களில் ஏப்ரலில் பனிகூடக் கொட்டும். மாற்று இடமாக ஒரு பள்ளி உள்ளரங்கைப் பிடித்து வையுங்கள்.

நாளுக்குள் எந்த நேரம்? காலையில் பிக்குகளுக்கு அன்னமிடல், பிரார்த்தனை, பாசி. அதன் நடுவே எதையும் நுழைக்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து, மேடையில் லம்வோங் என்ற வட்ட நடனத்துக்கு இசைக்குழு தயாராகும் இடைவெளிதான் உங்களுடையது. இசை தொடங்கிவிட்டால் உங்கள் ஒலிபெருக்கி எடுபடாது. இசைக்குழுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசி, 40 நிமிடம் ஒலிச்சோதனை இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அரைமணி நேரத்துக்குத்தான் திட்டமிடுங்கள். மீதி பத்து நிமிடம் எப்படியும் போய்விடும்.

களம் போடுதல்

இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. கத்தோ களத்தின் அளவு 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். இரட்டையர் பேட்மின்டன் களத்தின் அளவும் அதேதான். வலையின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே: ஆண்களுக்கு நடுவில் 1.52 மீட்டர், பெண்களுக்கு 1.42. உள்ளரங்கில் பேட்மின்டன் கோடுகள் ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. கூடுதலாக இரண்டு வகைக் கோடுகள் மட்டும் வேண்டும். ஒவ்வொரு பக்கமும் பின்கோட்டிலிருந்து 2.45 மீட்டர் உள்ளே, பக்கக் கோடுகளுக்குச் சரிநடுவில் புள்ளி வைத்து, 30 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். பந்தை முதலில் உதைப்பவர் இதில் ஒரு காலை ஊன்றி நிற்பார். பிறகு வலைக்குக் கீழே இரு ஓரத்திலும், இரு பக்கத்துக்கும், 90 சென்டிமீட்டர் ஆரத்தில் கால்வட்டம், அதாவது வட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. நூலில் சுண்ணக்கட்டி கட்டி வரைந்தால் போதும்.

வெளியில் போடுவதானால் தரைதான் பெரிய கேள்வி. வாகன நிறுத்தத்தின் தார்த்தரை சமமாக இருப்பதால் ஆசை காட்டும். ஆனால் ஆட்டக்காரர் வலைக்கு முதுகு காட்டி எம்பி, தலைக்கு மேலே காலைச் சுழற்றி அடித்துவிட்டுக் கீழே வரும்போது, தோளும் கையும் தரையைத் தொடும். தார்த்தரை தோலை உரித்துவிடும். குட்டையாக வெட்டிய புல்தரை நல்லது. இல்லாவிட்டால் ஒன்றோடொன்று கோக்கும் ரப்பர் பாய்களை வாடகைக்கு எடுத்து வலையின் இருபுறமும் விரியுங்கள். விளிம்பு தூக்கிக்கொள்ளாமல் அகலப் பட்டை ஒட்ட வேண்டும்.

எளிதில் மறந்துபோகும் ஒன்று தண்ணீர். பி மாய் என்றாலே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவதுதான். மதியத்துக்குள் பிள்ளைகள் வாளியும் குழாயுமாகத் திரிவார்கள். நனைந்த புல்லில் கணுக்கால் மடங்குவது நொடியில் நடக்கும். களத்துக்கும் தண்ணீர் விளையாட்டுக்கும் இடையே கூடாரங்கள் வரிசையாக நிற்கும்படி அமையுங்கள். துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இளைஞர்களைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

களத்தைச் சுற்றி நாலாபுறமும் 3 மீட்டர் வெற்றிடம் வேண்டும். பார்வையாளர் அதைத் தாண்டி வராமல் கயிறு கட்டுங்கள். மேலேயும் பாருங்கள்: மரக்கிளை, மின்கம்பி, தோரணம். பந்து நன்றாக உயரும், போட்டி விதிப்படி 8 மீட்டர் உயரத்துக்குத் தடை இருக்கக் கூடாது. எளிதில் தூக்கிப்போகும் பேட்மின்டன் கம்பங்கள் காற்றுக்குச் சாயும், அடியில் மணல் மூட்டை வையுங்கள். கம்பத்தைச் சுற்றி நுரைப்பஞ்சு கட்டுங்கள், வலையருகே பறக்கும் கால்கள் அதில் மோதும். பேட்மின்டன் வலை ஒரு நாள் காட்சிக்குத் தாங்கும், தொடர்ந்து ஆடினால் கிழியும்.

பந்து

பழைய பந்து பிரம்பால் பின்னியது. 1980-களிலிருந்து செயற்கை இழைப் பந்துதான் போட்டிகளில். 12 துளை, 20 குறுக்குப் பின்னல். ஆண்கள் பந்து 170 முதல் 180 கிராம், பெண்கள் பந்து 150 முதல் 160. தாய்லாந்தின் மாரத்தான் நிறுவனப் பந்தை ஆட்டக்காரர்கள் பலரும் விரும்புவார்கள். பழக்கமில்லாத காலுக்கு இந்தப் பந்து வலிக்கும், குளிர்நாளில் இன்னும் வலிக்கும். பிள்ளைகளுக்கு ரப்பர் பூச்சுள்ள மென்பந்து வாங்குங்கள். ஒரு பிரம்புப் பந்தும் கிடைத்தால் மேசைமேல் வையுங்கள், ஆட அல்ல. பெரியவர்கள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கதை அங்கே தானாகத் தொடங்கும். ஒரு நாற்காலியும் போட்டு வையுங்கள்.

ஆடுகிறவர்கள்

இரு பக்கமும் மூவர், மாற்று ஆள் ஒருவர் ஒருவர் என எட்டுப் பேர் போதும். கோயில் இளைஞர்களில் ஆடத் தெரிந்தவர் இல்லாவிட்டால் பக்கத்து ஊர் அணிகளைக் கேளுங்கள். லாவோ, ஹ்மொங், தாய்லாந்து இளைஞர்களும் மியான்மரிலிருந்து வந்த கரென் இளைஞர்களும் அமெரிக்காவில் வார இறுதிகளில் உள்ளரங்குகளில் ஆடிக்கொண்டிருப்பார்கள். பெட்ரோல் செலவும் வயிறார ஒட்டுச்சோறும் கொடுத்தால் உற்சாகமாக வருவார்கள். ஆட்டம் முடியும்வரை பீர் வேண்டாம் என்பதை மட்டும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இரு அணியும் சமபலமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் வலுத்தால் பந்து மறுபக்கம் விழுந்துகொண்டே இருக்கும், பார்ப்பவர்கள் ஆட்டத்தையே பார்க்க முடியாது. ஆட்களைக் கலந்து பிரியுங்கள். பெண்கள் அணி இருந்தால் அவர்களை முதலில் ஆடவிடுங்கள். கூட்டத்தில் நிற்கும் சிறுமிகளுக்கு அதைவிடப் பெரிய அழைப்பு கிடையாது.

அனுமதியும் காப்பீடும்

நகராட்சிப் பூங்கா என்றால் விண்ணப்பத்தோடு காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். பெரும்பாலும் 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு, அதில் நகராட்சியின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். கோயிலுக்கு ஏற்கெனவே காப்பீடு இருக்கலாம். ஆனால் முகவரிடம் நேராகக் கேளுங்கள்: "விளையாடுகிறவருக்கு அடிபட்டால் இது செல்லுமா?" பொதுப் பொறுப்புக் காப்பீடுகள் பலவற்றில் விளையாட்டில் பங்கேற்பவர்கள் விலக்கப்பட்டிருப்பார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆட்டக்காரர்களிடம் பொறுப்பேற்புக் கையெழுத்து, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. களத்தருகே பனிக்கட்டி, கட்டுத்துணி, முதலுதவி தெரிந்த ஒருவர். ஆம்புலன்ஸ் வரும் வழியில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது.

அந்த அரைமணி நேரம்

வர்ணனையாளரைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் முக்கியம். லாவோவிலும் ஆங்கிலத்திலும் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். முடிந்தால் ஒரு பெரியவரும் ஓர் இளைஞரும் சேர்ந்து பேசட்டும். ஊரில் ஆடிய நினைவுகளைப் பெரியவர் சொல்ல, இளைஞர் ஆங்கிலத்தில் தொடரட்டும்.

முதல் ஐந்து நிமிடம் வலை வேண்டாம். ஆட்டக்காரர்கள் வட்டமாக நின்று பந்தைத் தரையில் விழாமல் தட்டட்டும். கிராமத்தில் பெரும்பாலோர் ஆடியது இப்படித்தான். கூட்டத்தில் ஆடத் தெரிந்த பெரியவர் யாராவது உண்டா என்று கேட்டு வட்டத்துக்குள் அழையுங்கள், முழங்கால் நலமா என்று கேட்டுவிட்டு.

அடுத்த ஐந்து நிமிடம் ஒரே ஒரு சுற்றைப் பிரித்துக் காட்டுங்கள். வலையோரம் கால்வட்டத்தில் நிற்பவர் பந்தைக் கையால் எறிகிறார். கையால் தொடும் ஒரே தருணம் அது. நடுவட்டத்தில் நிற்பவர் ஒரு காலை ஊன்றியபடியே மறுகாலைத் தலைக்கு மேலே வீசி அடிக்கிறார். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் உள்பாதத்தில் அதை ஏந்தி, வேகத்தைக் கொன்று மேலே போடுகிறார். இன்னொருவர் தலையால் வலையருகே நிறுத்துகிறார். மூன்றாமவர் திரும்பி எம்புகிறார், கால் வலைக்கு மேலே வந்து பந்தைக் கீழே அறைகிறது. ஒவ்வொன்றையும் முதலில் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. பிறகு அதையே முழு வேகத்தில். இந்த இரண்டாவது முறையில்தான் கூட்டத்திலிருந்து சத்தம் எழும்.

பிறகு 15 புள்ளிக்கு ஒரே ஓர் ஆட்டம். வர்ணனையாளர் விதிகளை விளக்குவதைக் குறைத்து, நடப்பதைச் சொல்லட்டும். வெற்றி தோல்வி அறிவித்ததும் கைகுலுக்கி, மேடைக்காரர்கள் தொடங்கும் முன் பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் உதைத்துப் பழகும் மூலை

நேரம் போதாமல் எதையாவது வெட்ட வேண்டி வந்தால் ஆட்டத்தை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். ஆறேழு மென்பந்துகளும், ஒரு பந்துக்கு ஓர் ஆட்டக்காரரும் இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் முறை இது: பந்தை இரு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடித்துக் கீழே விட வேண்டும். நிற்கும் காலின் முட்டி சற்று மடங்கியிருக்க, மற்ற காலின் உள்பாதம் வானத்தைப் பார்த்தபடி மேலே வர வேண்டும். பந்து முழங்கால் உயரத்தில் இருக்கும்போது பாதம் அதைத் தொட வேண்டும். ஒரு தட்டு, உடனே கையில் பிடி. அது நேராக மேலே வரத் தொடங்கிய பிறகு இரண்டு தட்டு, பிடி. கால்பந்து ஆடிப் பழகிய பிள்ளைகள் காலின் மேற்புறத்தால் முன்னோக்கி உதைப்பார்கள், பந்து ஓடிவிடும். அவர்களைச் சுவர் பார்த்து நிற்க வைத்தால் தானாகத் திருத்திக்கொள்வார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பலூன் போதும். செருப்போடு வந்த பிள்ளைகளை வெறுங்காலோடு உதைக்க விடாதீர்கள். தட்டையான அடியுள்ள துணிக் காலணி சில அளவுகளில் வாங்கி வைத்தால் நல்லது.

பக்கத்தில் ஒரு மேசை போட்டு, திரும்ப வர விரும்பும் பிள்ளைகளின் பெயரையும் பெற்றோர் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்குங்கள். படம் எடுக்கச் சம்மதமா என்பதையும் அதே தாளில் கேட்டுவிடலாம்.

முடிந்த பிறகு

வலையையும் கம்பங்களையும் இருட்டும் முன் கழற்றிவிடுங்கள், இரவு நடனத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள். ஆணி, ஒட்டுப்பட்டை எதையும் புல்லில் விடக் கூடாது. பந்துகளை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் கோயிலிலேயே ஒரு பெட்டியில் வைத்து, சாவியை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் ஒருவரிடம் கொடுங்கள். வந்த ஆட்டக்காரர்களைப் பிக்குகளிடம் அழைத்துப்போய் ஆசி வாங்க வையுங்கள். கமிட்டித் தலைவர் கையால் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டச் சொல்லுங்கள். கோப்பையைவிட அதை மதிப்பார்கள்.

பெயர் கொடுத்த பிள்ளைகளை இரண்டு வாரத்துக்குள் கூப்பிடுங்கள், அதற்குமேல் போனால் ஆர்வம் ஆறிவிடும். கோயில் சமையற்கூடத்துக்குப் பின்னால் கொஞ்சம் சமதரை இருந்தால் வட்டமாக நின்று தட்ட அது போதும், வலை பிறகு வரட்டும். குளிர்காலத்துக்கு உள்ளரங்கு வேண்டுமானால், பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடும் முன்பே விண்ணப்பம் கொடுத்து வையுங்கள்.